பார்வையற்ற மாணவியால் நிரப்ப முடியாத படிவம்: விட்ஜெட் வாங்கலாமா, தளத்தையே மாற்றலாமா?

கேள்வியின் சுருக்கம்: எழுதியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் கல்வி அறக்கட்டளையின் செயலாளர். பிளஸ் டூ முடித்த 60 மாணவர்களுக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை தருகிறார்கள். முன்னாள் மாணவர் ஒருவர் நான்கு ஆண்டுகளுக்கு முன் காசு வாங்காமல் செய்துகொடுத்த வேர்ட்பிரஸ் தளம்தான் அவர்களுடையது. கடந்த ஆண்டு பார்வையற்ற மாணவி ஒருவரால் ஆன்லைன் விண்ணப்பத்தை நிரப்ப முடியவில்லை. அண்ணன் நிரப்பி அனுப்ப, உதவித்தொகையும் கிடைத்துவிட்டது. ஆனால் பிறகு அந்த மாணவி, "என் விண்ணப்பத்தை நானே நிரப்பியிருக்க வேண்டும்" என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். அறங்காவலர் கூட்டத்தில் இது பேச்சானது. "சட்டமெல்லாம் அரசாங்கத் தளங்களுக்குத்தான், அந்த ஒரு பிள்ளைக்குப் போனில் கேட்டு நாமே நிரப்பிக் கொடுப்போம்" என்றார் ஒருவர். "5 லட்சம் அபராதம் வரும்" என்று பயமுறுத்தினார் இன்னொருவர். ஆண்டுக்கு ரூ.18,000 கட்டினால் 48 மணி நேரத்தில் தளத்தை 'நூறு சதவீதம் சட்டப்படி' ஆக்கும் விட்ஜெட் தருவதாக ஒரு நிறுவனம் சொல்லியிருக்கிறது. புதிய தளத்துக்கு ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். கையில் இருப்பது ரூ.25,000. அடுத்த விண்ணப்பம் மே மாதம், பிளஸ் டூ முடிவு வந்ததும் தொடங்கும். அந்த மாணவியையே அழைத்துத் தளத்தைச் சோதிக்கச் சொல்லலாமா, 'மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற தளம்' என்று முத்திரை போடலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

செயலாளர் ஐயாவுக்கு வணக்கம்.

விட்ஜெட்டும் வேண்டாம், புதிய தளமும் இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் அனுப்பிய முகவரியில் தளத்தைத் திறந்து பார்த்தேன். அடித்தளம் மோசமில்லை. அந்த மாணவி அறிவிப்பைப் பார்ப்பதில் தொடங்கி 'விண்ணப்பம் பெறப்பட்டது' என்ற செய்தி வரும்வரை போகவேண்டிய வழி ஒன்று இருக்கிறதே, அதில்தான் மூன்று இடங்களில் முட்டுக்கட்டை. அந்த ஒரு வழியை மே மாதத்துக்குள் சரிசெய்ய உங்கள் 25,000 போதும். ஆண்டறிக்கை, புகைப்படத் தொகுப்பு, விழாக் காணொளி எல்லாம் பிறகு வரிசையில் வரட்டும்.

சட்டம் யாருக்கு?

அறங்காவலர்கள் இருவர் சொன்னதும் முழுச் சரியில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, 'தனியார் நிறுவனம்' என்பதற்குத் தரும் விளக்கத்தில் கம்பெனி, சங்கம், கூட்டுறவு ஆகியவற்றோடு அறக்கட்டளையையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ஆகவே 'அரசாங்கத்துக்கு மட்டும்' என்ற வாதம் நிற்காது. அதே சமயம், நாளைக்கே 5 லட்சம் என்பதும் மிரட்டல்தான். 89ஆவது பிரிவின்படி முதல் மீறலுக்கு அபராதம் அதிகபட்சம் ரூ.10,000. அதற்குப் பிறகும் மீறினால்தான் ரூ.50,000 முதல் 5 லட்சம் வரை.

நீதிமன்றங்கள் போகும் திசையையும் பாருங்கள். 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2017ஆம் ஆண்டு விதிகளில், மாற்றுத்திறனாளிகள் அணுகுவதற்கான தரங்களைச் சொல்லும் 15ஆவது விதி வெறும் பரிந்துரைகளாகவே இருப்பது தாய்ச் சட்டத்துக்கு முரண் என்று சொல்லி, கட்டாயத் தரங்களை வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 2025 ஏப்ரல் 30 அன்று வேறொரு தீர்ப்பு. ஆசிட் வீச்சில் கண் பாதிக்கப்பட்டவர்களால் வங்கியின் கேஒய்சி சரிபார்ப்பில் கண்ணைச் சிமிட்டிக் காட்ட முடியவில்லை என்பதும் அதன் பின்னணி. இணையச் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று அதில் நீதிமன்றம் சொன்னது. இதை வைத்து உங்கள் அறக்கட்டளை மீது நாளை வழக்கு வரும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒருவர் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் கொடுத்தால், 'பிரச்சினை தெரியவந்ததும் இன்னின்ன தேதியில் இன்னின்னதைச் செய்தோம்' என்று காட்ட உங்களிடம் காகிதம் இருக்கவேண்டும். மாணவியின் மின்னஞ்சல் வந்த தேதியும் அதற்கு நீங்கள் அனுப்பிய பதிலும் அந்தக் கோப்பின் முதல் இரண்டு பக்கங்கள். பதில் இன்னும் போகவில்லை என்றால் இன்றே அனுப்புங்கள். நோட்டீஸ் என்று ஏதாவது வந்தால் மட்டும் வழக்கறிஞரைப் பாருங்கள்.

விட்ஜெட் ஏன் வேண்டாம்?

தளத்தின் ஓரத்தில் சக்கர நாற்காலிப் படத்தோடு ஒரு பொத்தான் வரும். அழுத்தினால் எழுத்து பெரிதாகும், நிறம் மாறும், பக்கத்தை வாசித்துக் காட்டும். பார்வையற்றவர் உங்கள் தளத்துக்கு வரும்போதே தன் போனில் டாக்பேக் அல்லது வாய்ஸ்ஓவர், கணினியில் என்விடிஏ அல்லது ஜாஸ் என்று, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஏதோ ஒரு ஸ்கிரீன் ரீடர் மென்பொருளோடுதான் வருகிறார். அது இல்லாமல் அவரால் உங்கள் முகவரியைத் தட்டச்சு செய்திருக்கவே முடியாது. அவருக்கு இரண்டாவதாக ஒரு வாசிப்புக் குரல் எதற்கு? பல சமயம் இரண்டும் மோதிக்கொண்டு, இருந்த வசதியும் கெடும். எழுத்தைப் பெரிதாக்க பிரவுசரிலேயே வழி இருக்கிறது.

அதைவிட முக்கியம்: உங்கள் தளத்தின் உண்மையான மூன்று கோளாறுகளையும் விட்ஜெட்டால் தொடக்கூட முடியாது. போஸ்டர் படத்துக்குள் இருக்கும் விவரத்தை நம்பத்தக்க வகையில் அது எடுத்துத் தராது, பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த பிடிஎஃப்பை ஸ்கிரீன் ரீடருக்குப் புரியும் தமிழாக்காது, படிவப் பெட்டிக்கு என்ன பெயர் என்று அதற்குத் தெரியாது. இப்படிப்பட்ட விட்ஜெட் விற்ற ஒரு நிறுவனம், எந்தத் தளத்தையும் தரத்துக்கு ஏற்றதாக்கிவிடும் என்று விளம்பரம் செய்ததற்காக, 2025இல் அமெரிக்காவின் ஃபெடரல் வர்த்தக ஆணையத்துக்கு 10 லட்சம் டாலர் கட்டவேண்டி வந்தது. 'நூறு சதவீதம்' என்று எவர் சொன்னாலும், எழுதித் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள்.

முதல் தடை: போஸ்டர்

உங்கள் முகப்பில் உதவித்தொகை அறிவிப்பு ஒரே ஒரு ஜேபெக் படமாக இருக்கிறது. வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்காகச் செய்த போஸ்டர். தகுதி, கடைசி நாள், தேவையான சான்றிதழ், தொலைபேசி எண் எல்லாமே அந்தப் படத்துக்குள். ஸ்கிரீன் ரீடர் அந்த இடத்துக்கு வந்தால் கோப்பின் பெயரான 'வாட்ஸ்அப் இமேஜ்' என்பதையும் பின்னாலேயே தேதி, நேரத்தையும் ஆங்கிலத்தில் படித்துவிட்டு நகர்ந்துவிடும். அறிவிப்பு வந்திருப்பதே அந்த மாணவிக்குத் தோழி சொல்லித்தான் தெரிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் இதுதான்.

போஸ்டரை எடுக்கவேண்டாம். அதற்குக் கீழே அதே விவரங்களைத் தட்டச்சு செய்து போடுங்கள். 'ஆல்ட் டெக்ஸ்ட்' என்ற மாற்று உரைப் பெட்டியில் முழு அறிவிப்பையும் திணிக்கக்கூடாது. அதை இடையில் நிறுத்தவோ, கடைசி நாளை மட்டும் திரும்பக் கேட்கவோ, தொலைபேசி எண்ணை நகலெடுக்கவோ வசதிப்படாது. மாற்று உரையில் '2026 உதவித்தொகை அறிவிப்புப் போஸ்டர், முழு விவரம் கீழே' என்று ஒரு வரி போதும்.

உரையைப் போடும்போது தலைப்புகளை வேர்ட்பிரஸின் 'ஹெட்டிங்' வடிவத்தில் போடுங்கள். வெறுமனே தடித்த எழுத்தாக்கினால் கண்ணுக்குத் தலைப்பு, ஸ்கிரீன் ரீடருக்குச் சாதாரண வரி. கணினியில் என்விடிஏ பயன்படுத்துபவர் ஹெச் விசையைத் தட்டித் தட்டித் தலைப்பு தலைப்பாகத் தாவுவார், நீங்கள் செய்தித்தாளில் கண்ணை ஓட்டுவது மாதிரி. தலைப்பே இல்லாத பக்கத்தில் முதல் எழுத்திலிருந்து கடைசி வரை கேட்டே தீரவேண்டும். வாட்ஸ்அப் பாணியில் நட்சத்திரக் கோடுகளும் வரிசை வரிசையாகக் கூப்பிய கை இமோஜிகளும் வேண்டாம். அவையும் வாசிக்கப்படும்.

ஆறு இடத்தில் 'இங்கே சொடுக்கவும்' என்று இருக்கிறது. இணைப்புகளை மட்டும் பட்டியலாகக் கேட்பவருக்கு ஆறு முறை அதே சொல் வரும், எது எதற்கு என்று தெரியாது. 'விண்ணப்பப் படிவம்', 'தகுதி விதிகள்' என்று எழுதுங்கள். முகப்பில் ஓடிக்கொண்டே இருக்கும் எழுத்தையும் எடுத்துவிடுங்கள். ஐந்து விநாடிக்கு மேல் தானாக நகரும் எதற்கும் நிறுத்தும் பொத்தான் இருக்கவேண்டும் என்பது சர்வதேச விதி. ஓடும் எழுத்தை யாரும் முழுதாகப் படிப்பதில்லை என்பது என் சொந்தக் கருத்து.

இரண்டாம் தடை: பிடிஎஃப்

விதிமுறைகள் பிடிஎஃப்பை ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே அனுப்புங்கள். தமிழாக வந்தால் சரி. உங்கள் கோப்பில் அப்படி வராது. அது பாமினி எழுத்துருவில் அடித்தது. அதில் 'தமிழ்' என்ற சொல் திரையில் மட்டும்தான் தமிழ். கோப்புக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. நம் கண் எழுத்துருவைப் பார்க்கிறது, ஸ்கிரீன் ரீடர் கோப்புக்குள் இருப்பதைப் பார்க்கிறது. எனவே இரண்டு பக்கம் முழுக்க அந்த மாணவி கேட்டது ஆங்கில எழுத்துகளின் குப்பை. கூகுளில் தேடினாலும் உங்கள் விதிமுறைகள் அகப்படாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

கோப்புக்குள்ளும் தமிழ் தமிழாகவே இருக்கும் பொதுக் குறியீடு யூனிகோடு. தமிழ்நாடு அரசு 2010லேயே அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனாலும் ஊர் அச்சகங்களிலும் டிடிபி கடைகளிலும் பாமினி, வானவில் பழக்கம் இன்னும் ஓயவில்லை. மூலக் கோப்பு கையில் இருந்தால் என்ஹெச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவச மாற்றியில் யூனிகோடாக்கலாம். ஸ்கேன் செய்த படம் மட்டும் இருந்தால் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறவுங்கள். படத்தில் இருக்கும் தமிழை எழுத்தாக்கித் தரும். எந்த வழியானாலும் ஒருவர் உட்கார்ந்து வரிக்கு வரி ஒப்பிட்டே ஆகவேண்டும். வருமான வரம்பு 2,50,000 என்பதில் ஒரு சுழி விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

இரண்டு பக்க விதிமுறைக்கு பிடிஎஃப் எதற்கு என்பதுதான் என் கேள்வி. சாதாரண இணையப் பக்கமாகவே போடலாம். போனில் விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் படிக்கும் தொல்லை எல்லோருக்கும் தீரும். கையெழுத்தும் முத்திரையும் உள்ள நகல் வேண்டும் என்று அறங்காவலர்கள் விரும்பினால் அதைக் கூடுதலாக வையுங்கள். வேர்டிலிருந்து பிடிஎஃப் எடுப்பதானால் 'பிரிண்ட்' வழியாக எடுக்காதீர்கள், தலைப்பு, பட்டியல் அமைப்பெல்லாம் அதில் அழிந்துவிடும். 'சேவ் ஆஸ்' மூலம் பிடிஎஃப்பாகச் சேமித்து, விருப்பங்களில் அணுகல்தன்மைக்கான கட்டமைப்புக் குறிகளுக்கு எதிரே டிக் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு நிமிட வேலை ஒன்றும் உண்டு. உங்கள் வேர்ட்பிரஸ் அமைப்புகளில், பொதுப் பகுதியில், தள மொழி ஆங்கிலம் என்று இருக்கிறது. தமிழ் என்று மாற்றுங்கள். பல ஸ்கிரீன் ரீடர்கள் எந்த மொழிக் குரலில், எந்த உச்சரிப்பு விதியில் படிப்பது என்பதைப் பக்கத்தின் மொழிக் குறியை வைத்தே முடிவுசெய்கின்றன. ஆங்கிலப் பக்கம் என்று குறித்த தமிழ், கேட்பவரின் அமைப்பைப் பொறுத்துச் சிதைந்தும் வரும், வராமலும் போகும்.

மூன்றாம் தடை: படிவம்

பெரும்பாலான வேலை இங்கேதான்.

உங்கள் படிவம் அட்டவணையாகக் கட்டப்பட்டிருக்கிறது. இடது கட்டத்தில் 'தந்தை பெயர்' என்ற எழுத்து, வலது கட்டத்தில் பெட்டி. பார்ப்பவருக்கு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் உறவு புரிகிறது. நிரலில் அவற்றுக்குள் எந்தத் தொடர்பும் இல்லை. டேப் விசையைத் தட்டிப் பெட்டி பெட்டியாகப் போகிறவருக்கு என்விடிஏ சொல்வது: "எடிட், பிளாங்க்." அடுத்தது: "எடிட், பிளாங்க்." இப்படியே இருபதுக்கு மேல். எது பெயர், எது வங்கிக் கணக்கு எண் என்று எதுவும் தெரியாது. ஒவ்வொரு பெட்டியையும் அதன் பெயரைச் சொல்லும் 'லேபிள்' உடன் நிரலில் இணைத்துவிட்டால், "தந்தை பெயர், எடிட்" என்று படிக்கும். உங்கள் முன்னாள் மாணவர் இதை ஒரு மாலையில் முடித்துவிடுவார். சிலர் பெட்டிக்குள்ளேயே மங்கலாகப் பெயர் எழுதிவைப்பதைத் தீர்வாகச் சொல்வார்கள். வேண்டாம். ஓர் எழுத்து தட்டியதும் அது மறைந்துவிடும், பாதியில் திரும்பிப் பார்ப்பவருக்கு எந்தப் பெட்டி எது என்று மறந்துபோகும். கண் நன்றாகத் தெரிபவர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு.

பிறந்த தேதிக்கு நாட்காட்டி வைத்திருக்கிறீர்கள். அது இந்த மாதத்தில் திறக்கிறது, பின்னோக்கிப் போக ஒரு அம்புக்குறி மட்டும். 18 வயதுப் பிள்ளை தன் பிறந்த மாதத்தை அடைய 216 முறை அழுத்தவேண்டும். நாள், மாதம், ஆண்டு என மூன்று சாதாரணப் பெட்டிகள் போடுங்கள்.

கோணல்மாணலான எழுத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லும் கேப்ட்சாதான் வாசலில் போட்ட பூட்டு. மற்ற எல்லாவற்றையும் எப்படியோ கடந்து வந்த பார்வையற்றவர் இங்கே கண்டிப்பாக நின்றுவிடுவார். குப்பை விண்ணப்பங்களைத் தடுக்க, மனிதர் கண்ணில் படாத ஒரு பொய்ப் பெட்டியை வைத்து, அதை நிரப்புகிற தானியங்கி நிரல்களை வடிகட்டும் முறை இருக்கிறது. உங்கள் அளவுக்கு அது போதும். ஒரு எச்சரிக்கை: அந்தப் பெட்டியை ஸ்கிரீன் ரீடரிடமிருந்தும், டேப் விசையிடமிருந்தும் மறைக்கவேண்டும். மறைக்காவிட்டால் பார்வையற்ற மாணவி அதையும் ஒரு கேள்வி என்று நினைத்து நிரப்புவார், விண்ணப்பம் சத்தமில்லாமல் குப்பைக்குப் போகும், அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

மதிப்பெண் பட்டியலுக்கு '200 கேபிக்குள் ஜேபெக் மட்டும்' என்று விதி வைத்திருக்கிறீர்கள். கண் தெரியாதவர் காகிதத்தைப் போனில் நேராகப் படமெடுத்து, அதைச் சுருக்கி, எழுத்து தெளிவாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பார்? டிஜிலாக்கரில் இருந்து மதிப்பெண் பட்டியலை பிடிஎஃப்பாகவே இறக்கிக்கொள்ளலாம். உங்கள் விதி அதை ஏற்பதில்லை. பிடிஎஃப்பும் ஜேபெக்கும் ஏற்று, 5 எம்பி வரை அனுமதியுங்கள். 60 பேர் தேர்வாகும் திட்டத்துக்கு எத்தனை நூறு விண்ணப்பம் வந்தாலும் உங்கள் சர்வர் தாங்கும்.

தவறு நேர்ந்தால் இப்போது என்ன ஆகிறது? மேலே 'பிழை உள்ளது' என்று சிவப்பில் ஒரு வரி, பெட்டியைச் சுற்றிச் சிவப்புக் கோடு, ஏற்றிய கோப்புகள் போய்விடும். சிவப்பைப் பார்க்காதவருக்கும், சிவப்பு-பச்சை பிரித்தறியாதவருக்கும் எந்தப் பெட்டி என்று தெரியாது. 'ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் 11 எழுத்துகள் இருக்கவேண்டும், 10 மட்டுமே உள்ளன' என்று அந்தப் பெட்டியோடு சேர்த்தே எழுத்தில் சொல்லவேண்டும். கர்சரும் அங்கே போய் நிற்கவேண்டும். நிரப்பியது எதுவும் அழியக்கூடாது.

கூகுள் ஃபார்முக்கு மாறிவிடலாமா என்று கேட்பீர்கள். தாராளமாக. லேபிள், பிழைச் செய்தி எல்லாம் அதில் ஒழுங்காக இருக்கும். ஒரே சிக்கல், கோப்பு ஏற்றும் கேள்வி வைத்தால் கூகுள் கணக்கில் நுழைந்தால்தான் நிரப்ப முடியும். சான்றிதழ்களை மட்டும் மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளலாம். மே மாதத்துக்குள் உங்கள் படிவம் தயாராகாவிட்டால் இந்த ஆண்டுக்கு இதுவே வழி.

நிறம் பற்றிச் சுருக்கமாக. வெள்ளையில் காவி எழுத்து, வாட்ஸ்அப் பச்சைப் பொத்தானில் வெள்ளை எழுத்து இரண்டுக்கும், எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான நிற வேறுபாட்டு விகிதம் ஏறக்குறைய 2:1. சாதாரண எழுத்துக்கு 4.5:1 வேண்டும். காவியை அடர்த்தியாக்கிச் செங்கல் நிறத்துக்குக் கொண்டுவந்தால் அடையாளமும் மாறாது, வெயிலில் போனைப் பிடித்துப் படிக்கும் பெற்றோருக்கும் தெரியும். பத்திகளை இரு ஓரமும் சமமாக இழுத்துக் கட்டியிருப்பதை விட்டு இடப்பக்கம் மட்டும் சமமாக்குங்கள். தமிழில் சொற்கள் நீளமாதலால் போன் திரையில் நடுவில் பெரிய பெரிய ஓட்டை விழுகிறது.

'போனில் நாமே நிரப்பினால் போதாதா?'

உதவியாக இருக்கட்டும், ஆனால் அதையே வழியாக்கக்கூடாது. விண்ணப்பத்தில் குடும்ப வருமானம், சாதி, வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கிறது. மற்ற மாணவர் எவரும் இதை முன்பின் தெரியாத ஒருவரிடம் போனில் சொல்லவேண்டியதில்லை, இவர் மட்டும் ஏன் சொல்லவேண்டும்? காது கேளாத மாணவருக்குப் போன் என்பதே வழியில்லை. 'ஒரு பிள்ளைதானே' என்ற கணக்கிலும் ஓட்டை உண்டு. உங்களுக்கு எழுதியவர் ஒருவர். படிவத்தைப் பார்த்துவிட்டு மூடிவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்பது உங்கள் பதிவேட்டில் இருக்காது.

அதற்காகப் பார்வையற்றவர்களுக்கென்று தனியாக ஓர் எழுத்து மட்டும் உள்ள பக்கம் செய்யலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அதற்கும் இசையாதீர்கள். கடைசி நாளை நீட்டிக்கும்போது முதல் பக்கத்தில் மாற்றுவீர்கள், இரண்டாவதில் மறந்துவிடுவீர்கள்.

நீங்களே சோதித்துப் பார்க்க

மௌஸை ஒதுக்கிவைத்துவிட்டு டேப் விசையால் மட்டும் விண்ணப்பத்தை முழுதாக நிரப்பி அனுப்பிப் பாருங்கள். இப்போது எந்தப் பெட்டியில் இருக்கிறோம் என்பதைக் காட்டும் கோடு உங்கள் தீமில், அதாவது தளத்தின் தோற்ற வடிவமைப்பில், அணைக்கப்பட்டிருக்கிறது. அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிறகு ஆண்ட்ராய்டு போனின் அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதியில் டாக்பேக்கை இயக்குங்கள். இயக்குவதற்கு முன் அதே பக்கத்தில் வால்யூம் பொத்தான் குறுக்குவழியையும் இயக்கிவிடுங்கள். இல்லையென்றால் அணைக்க வழி தெரியாமல் திண்டாடுவீர்கள். இரண்டு வால்யூம் பொத்தான்களையும் சேர்த்துச் சில விநாடி அழுத்தினால் அது அணையும். வலப்பக்கம் விரலை இழுத்தால் அடுத்த பகுதிக்குப் போகும், இருமுறை தட்டினால் அழுத்தியதாகக் கொள்ளும். திரையைப் பார்க்காமல் ஒருமுறை கடைசி நாளைக் கண்டுபிடியுங்கள். கணினிக்கு என்விடிஏ இலவசம். தமிழ்க் குரலும் அதிலேயே வருகிறது.

லைட்ஹவுஸ், வேவ் போன்ற இலவசக் கருவிகள் விடுபட்ட லேபிள், மாற்று உரை, மங்கல் நிறம் இவற்றைக் காட்டிக் கொடுக்கும். ஓட்டிப் பாருங்கள், ஆனால் மதிப்பெண் 100 வந்துவிட்டது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். படத்துக்கு மாற்று உரை இருக்கிறதா என்றுதான் கருவிக்குத் தெரியும். அது பொருத்தமானதா என்று தெரியாது.

அந்த மாணவியைச் சோதிக்கச் சொல்வது பற்றி: நல்ல எண்ணம்தான், ஆனால் வேண்டாம். அவர் உங்களிடம் உதவித்தொகை வாங்குபவர், அடுத்த ஆண்டும் புதுப்பிக்க வரவேண்டியவர். உங்களுக்கு 'முடியாது' என்றோ 'இன்னும் சரியில்லை' என்றோ அவரால் எளிதில் சொல்ல முடியாது. உங்களோடு தொடர்பில்லாத இருவரைப் பிடியுங்கள்: பார்வையற்ற ஒருவர், குறைபார்வை உள்ள ஒருவர். மதுரை, திண்டுக்கல் கல்லூரிகளில் விசாரித்தால் கிடைப்பார்கள். ஆளுக்கு ரூ.2,000 கொடுங்கள், இலவசமாகக் கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து உதவாமல், எங்கே நிற்கிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மாணவிக்கு, சரிசெய்து முடித்தபின் 'இப்போது படிவம் தயார்' என்று சொல்லி அனுப்பினால் போதும்.

பணக் கணக்கு என் மதிப்பில் இப்படி வரும்: படிவ வேலைக்கு 12,000, தீமின் நிறம், மெனு, டேப் கோடு சரிசெய்ய 4,000, சோதிப்பவர்களுக்கு 4,000, பிடிஎஃப்களைத் தட்டச்சு செய்து ஒப்பிட 3,000. மீதி 2,000 சோதனைக்குப் பின் வரும் திருத்தத்துக்கு. முன்னாள் மாணவர் இந்த முறையும் காசு வேண்டாம் என்பார். கொடுங்கள். இலவச வேலைக்குத் தேதி வைக்க முடியாது, உங்களுக்கு மே மாதம் என்ற தேதி இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் சோதனை நடந்தால் திருத்த மூன்று வாரமாவது கிடைக்கும்.

இவ்வளவும் செய்தபின் கெடுவது எங்கே என்றும் சொல்லிவிடுகிறேன். ஜூலையில் யாரோ ஒருவர் 'கடைசி நாள் நீட்டிப்பு' என்று ஒரு போஸ்டரை மட்டும் முகப்பில் ஏற்றுவார். தளத்தில் பதிவிடும் அலுவலக உதவியாளருக்கு ஒரே ஒரு விதி போடுங்கள்: கீழே எழுத்தாகத் தட்டச்சு செய்யாத போஸ்டர் தளத்தில் ஏறாது. நன்கொடைப் பக்கத்து க்யூஆர் படத்துக்கும் இதே விதிதான். யுபிஐ முகவரியையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் எழுத்தாகப் போடுங்கள். போனில் தளத்தைப் பார்ப்பவர், அதே போன் திரையில் இருக்கும் க்யூஆரை எந்தக் கேமராவால் ஸ்கேன் செய்வார்?

முத்திரை போடலாமா என்று கேட்டீர்கள். முத்திரைக்குப் பதிலாக 'அணுகல்தன்மை' என்று ஒரு சிறிய பக்கம் வையுங்கள். விண்ணப்பப் படிவமும் அறிவிப்புகளும் ஸ்கிரீன் ரீடரில் சோதிக்கப்பட்ட மாதம், இன்னும் சரிசெய்யாதவை (பழைய ஆண்டறிக்கைகள், வசன வரி இல்லாத விழாக் காணொளிகள்), தடை ஏற்பட்டால் தெரிவிக்க ஒரு தொலைபேசி எண், வாட்ஸ்அப் எண், மின்னஞ்சல், இரண்டு வேலை நாளுக்குள் பதில் தருவோம் என்ற உறுதி. பதில் சொல்லப்போகும் ஆள் யார் என்பதை அடுத்த கூட்டத்திலேயே தீர்மானமாகப் பதிந்துவிடுங்கள்.